பெயர் உதிர்ந்த புட்டி

செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம்
பதினொன்றாம் நம்பர் புட்டியின் ஒட்டுத்தாள்
பூச்சி தின்று, பசை காய்ந்து, உதிர்ந்து கிடந்தது.
உள்ளே வெள்ளைத் தூள்.
எங்கள் அலமாரியில் பாதிக்குப் பாதி வெள்ளைத் தூள்தான்.

தண்டபாணி சார் பெருந்துறைக்கு
வேறு பள்ளித் தேர்வு நடத்தப் போயிருந்தார்.
போன் போட்டேன்.
"ஏனுங் கருணாம்பா, பஸ்ஸுல இருக்கறனுங்,
எதாச்சும் பாத்துப் பண்ணுங்க."
அதற்கு மேல் டவர் இல்லை.

பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவளுக்கு
வீட்டுக்காரர் இறந்ததால் வந்த வேலை இது.
பத்தொன்பது வருஷமாகச் சோதனைக் குழாய் கழுவுகிறேன்.
அடிக்கறையைப் பார்த்தே சொல்வேன்,
எந்தப் பிள்ளை தானாகக் கண்டுபிடித்தது,
எது பக்கத்து மேசையைப் பார்த்து எழுதியது என்று.
நானாக ஒரு குழாயிலும்
ஒன்றும் ஊற்றிப் பார்த்ததில்லை.

கதவைச் சாத்தினேன்.
வாலை வடிநீர்க் கேன் காலி.
குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஒரு சிட்டிகை போட்டேன்.
கழனித் தண்ணியாய்க் கலங்கி நின்றது.
'கரையாத உப்பு' என்று சிட்டையில் எழுதினேன்.
எழுதின பிறகு
கை ஏனோ அடுத்த வரிக்கு இறங்கவில்லை.

பழுப்புப் புட்டி. பூட்டி வைப்பது. வெள்ளி நைட்ரேட்.
சொட்டுக்குக் கணக்கு உண்டு.
இரண்டு சொட்டுத் திருடி
தூளே போடாத வெறும் தண்ணீரில் விட்டேன்.

திரிந்தது.
ஊத்துக்குளித் தயிர் மாதிரி, வெள்ளையாக, கட்டி கட்டியாக.
கேட்காத கேள்விக்கு
தண்ணீரே கை தூக்கி, நான்தான் என்றது.

நொய்யல் இங்கிருந்து நாலு கிலோமீட்டர்.
லாரி லாரியாய் வந்து இறங்கிய உப்பு
யாரோ உடுத்தும் துணியில் சிவப்பை நிற்க வைத்துவிட்டு
மண்ணுக்குள் நடந்து வந்து
எங்கள் போரில் ஏறியது.
டம்ளரின் வெள்ளைக் கோட்டில்,
தென்னை ஓலையின் நுனிக் கருகலில்,
எருமை முகர்ந்துவிட்டுத் திரும்பும் தொட்டியில்
தினமும் பார்க்கிறேன்.
அது பேசி இன்றைக்குத்தான் கேட்டேன்.

அப்புறம்தான் வயிற்றைப் பிசைந்தது.
இந்தத் தண்ணீரில்தானே
பத்தொன்பது வருஷமாய்க் குழாய் கழுவுகிறேன்.
எத்தனை பிள்ளைகளுக்கு
உப்பை முந்திக்கொண்டு இது பதில் சொல்லியிருக்கும்?

மெயின்ரோட்டுப் பேட்டரிக் கடையில்
ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
"வண்டிக்குங்களா?"
"ஆமாங்க."
என்னிடம் வண்டி கிடையாது.

பேட்டரித் தண்ணியில் மூன்று தரம் அலசி
மறுபடி தூள் போட்டேன்.
போட்ட இடம் தெரியாமல் கரைந்தது.
சிட்டையில் முதல் வரியை அடித்தேன்.
வெள்ளிச் சொட்டுக்குத் தயிர்,
அம்மோனியாவுக்குத் தெளிவு.
கம்பியை அமிலத்தில் தோய்த்து, தூளைத் தொட்டு
பர்னர் சுடரில் நீட்டினேன்.

பச்சை.
வாழைக் குருத்தைப் பிரித்தால்
உள்மடிப்பில் இருக்குமே, அந்தப் பச்சை.
பார்த்துக்கொண்டே நின்றதில் விரல் சுட்டது.

பேரியம் குளோரைடு என்று எழுதி ஒட்டினேன்.
என் எழுத்து
மற்ற புட்டிகளில் இருப்பதைவிடப் பெரிதாய் விழுந்துவிட்டது.
நாற்பது குழாயையும் அதே தண்ணியில் அலசிக் கவிழ்த்தேன்.
நூற்றிருபது ரூபாய். எந்தக் கணக்கில் எழுதுவது?

காலையில் ஆள்காட்டி விரல் கறுத்திருந்தது,
ஓட்டுப் போட்டு வந்தவள் விரல் போல.
சார் விரலைப் பார்த்தார்,
பூட்டைப் பார்த்தார்,
புட்டியைத் திருப்பி வெளிச்சத்தில் படித்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.

பதினொன்றாம் பொட்டலம் தாரணிகாவுக்கு விழுந்தது.
கம்பியைச் சுடரில் வைத்துவிட்டு
என் முகத்தைத்தான் பார்த்தாள்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஒரு மணிக்குத் தேர்வு முடிந்தது.
நாற்பது குழாயும் தொட்டிக்கு வந்தன.
வேறு தண்ணீர் இல்லை.
திருகைத் திறந்தேன்.